அணுமின் நிலைய ஷட்டவுனில் மாசு எங்கிருந்து கிளம்புகிறது?

கேள்வி கேட்டவர் அனல்மின் நிலையங்களிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பத்து வருடமாக வால்வு வேலை பார்க்கும் ஃபிட்டர். முதல்முறையாக ஓர் அணுமின் நிலையத்துக்கு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது உலையை நிறுத்திவிட்டுச் செய்யும் பராமரிப்பு வேலைக்குப் போகிறார். ஏற்கெனவே போய் வந்த நண்பர் சொன்னதை வைத்துக் கேட்கிறார்: அடுக்கடுக்காக உடுப்பு, இரண்டு ஜோடி கையுறை, வாசலுக்கு வாசல் சோதனை, இவ்வளவு இருந்தும் நண்பரின் முகத்தில் மாசு ஒட்டி அரை நாள் உட்கார வைத்துவிட்டார்களாம். அப்படியானால் உடுப்பெல்லாம் வெறும் சடங்கா? அரை மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் நிற்க வைப்பது எதற்கு? கடைசியாக, தன் சொந்த டார்க் ரென்ச்சைக் கொண்டுபோகலாமா?

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் முதல் இரண்டும் ஒரே கேள்விதான். தப்பு யார் மேல் என்று கேட்கிறீர்கள்: கவனமில்லாமல் இருந்த நண்பர் மேலா, சும்மா கெடுபிடி செய்யும் பாதுகாப்புக்காரர்கள் மேலா? நான் அந்தக் கெடுபிடிக்காரர்களில் ஒருவன். இருபது வருடத்துக்கு மேல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை, பெரும்பாலும் அழுத்த நீர் உலைகளில் (கொதிக்காதபடி அழுத்தத்தில் வைத்த சாதா நீர் ஓடுபவை), கொஞ்ச காலம் கனநீர் உலைகளில் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர் ஓடுபவை). வாயுவால் குளிர்விக்கும் உலைகளில் நான் வேலை பார்த்ததில்லை, ஆகவே கீழே சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். நான் நேரில் விசாரித்த சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் கதை ஒன்றுதான்: ஒரு வேலை விதிப்படி நடந்தது, பக்கத்து வேலையும் விதிப்படி நடந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் கோளாறு. நண்பரை நிற்க வைத்ததும் அவர் முகத்தில் மாசு ஒட்டியதும் இந்த ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பயமும் பாதி அலட்சியமும் இங்கிருந்துதான் வருகின்றன. கதிர்வீச்சு வேறு, கதிரியக்க மாசு வேறு. புகையும் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் கதிர்வீச்சு மாதிரி: தள்ளிப் போனால் குறையும், சுவருக்குப் பின்னால் போனால் இருக்காது, வீட்டுக்கு உங்களோடு வராது. விளக்கின் கரி மாசு மாதிரி: கையில் ஒட்டும், கையிலிருந்து கதவுக் கைப்பிடிக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். நீங்கள் போடப்போகும் கவரால் என்ற முழு உடல் மேலுடை கரிக்காகத்தான், வெளிச்சத்துக்காக அல்ல. துணி காமா கதிரைத் தடுக்காது. கோபால்ட்-60 விடும் காமா கதிரைப் பாதியாகக் குறைக்கவே சுமார் 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், அதை யாரும் உடுத்திக்கொண்டு வால்வு கழற்ற முடியாது. ஈய ஏப்ரன் எங்கே என்று முதல் நாளில் கேட்காதவர் யாருமில்லை, அதனால் சொல்கிறேன்.

சரி, அந்தக் கரி எங்கிருந்து வருகிறது? எரிபொருள் கம்பிகள் உடைந்துதான் மாசு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய உலைகளில் பெரும்பங்கு அதுவல்ல. குழாய்களும் வால்வுகளும் மிக மெதுவாக அரித்து, அந்த உலோகத் துகள் நீரோடு உலைக்குள் போய், நியூட்ரான் பட்டு, கதிரியக்கமாகி வெளியே வந்து குழாயின் உட்சுவரில் படிகிறது. உங்கள் தொழிலுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. வால்வு இருக்கைகளில் தேய்மானம் தாங்குவதற்காகப் பூசும் ஸ்டெல்லைட் உலோகக் கலவையில் கோபால்ட் அதிகம், அதுதான் கோபால்ட்-60 ஆகிறது; அரை ஆயுள் 5.27 வருடம். ஸ்டீம் ஜெனரேட்டர் (உலை நீரின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் கலன்) குழாய்களில் உள்ள நிக்கல் கோபால்ட்-58 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 71 நாள். ஸ்டெல்லைட் இருக்கையைத் தேய்த்து மட்டம் செய்யும்போது அந்தத் தூளை ஒரு துளி விடாமல் துடைத்தெடு என்று உயிரை வாங்குவோம். இன்று குழாயில் விட்ட தூள் ஓரிரு வருடம் கழித்து அதே வால்வைக் கழற்ற வருபவரின் டோசாக, அதாவது அவர் உடம்பு வாங்கும் கதிர் அளவாகத் திரும்பி வரும், அவ்வளவுதான் காரணம்.

உலை ஓடும்போது இந்தப் படிவு ஏறக்குறைய அசையாமல் இருக்கும். நிறுத்திக் குளிரவைக்கும்போது நீரின் வேதியியல் மாறி, படிவு கரைந்து கிளம்புகிறது. எப்படியும் கிளம்பப் போகிறது என்பதால், அழுத்த நீர் உலைகளில் வேண்டுமென்றே ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, நாம் சொல்லும் நேரத்தில் கிளம்பவைத்து, சுத்திகரிப்புப் படுகைகளில் பிடிப்பார்கள். அந்த மணி நேரங்களில் குழாய்க்கு அருகே கதிர்வீச்சு ஏறும். பார்க்க எல்லாம் அமைதியாக இருக்கும், உலை நின்றுவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், உங்களை மட்டும் உள்ளே விட மாட்டார்கள். முதல் நாள் காத்திருப்பில் ஒரு பகுதி இதற்குத்தான். அவசரப்பட்டு சுத்திகரிப்பை ஆறு மணி நேரம் முன்னால் முடித்துக்கொண்டால், அடுத்த நான்கு வாரமும் அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவரும் அதற்கான விலையைக் கொடுப்பார்கள்.

எவ்வளவு சின்ன அளவைத் துரத்துகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதிரியக்கப் பொருள் கொண்டுபோகும் பொதியின் வெளிப்பரப்புக்கு சர்வதேசப் போக்குவரத்து விதி வைத்திருக்கும் வரம்பு, துடைத்தால் வரக்கூடிய பீட்டா-காமா மாசு ஒரு சதுர செ.மீ.க்கு 4 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது). பெரும்பாலான ஆல்பா பொருள்களுக்கு (தோலைத் தாண்டாத, ஆனால் உள்ளே போனால் அதிகம் கெடுக்கும் கதிரை விடுபவை) அதில் பத்தில் ஒரு பங்கு. 4 பெக்கரல் கோபால்ட்-60 என்ன எடை இருக்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு கிராமைப் பத்து லட்சம் கோடி பங்காக்கி அதில் ஒன்றை எடுத்தது போல வருகிறது. எந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. கருவிக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் நண்பர் பிடிபட்டார், அதனால்தான் பிடிபட்டதாலேயே அவருக்குப் பெரிய கெடுதல் நடந்துவிட்டது என்றும் ஆகிவிடாது.

இப்போது உடுப்பு. சடங்கு அல்ல, ஆனால் சடங்காகச் செய்தால் பலன் இல்லை. போடுவதில் பெரிய சூட்சுமம் கிடையாது, கழற்றுவதில்தான் எல்லாம். வெளிப்புறம் அழுக்கு, உட்புறம் சுத்தம் என்று வைத்துக்கொண்டு, வெளிப்புறம் உங்கள் தோலையோ சுத்தமான தரையையோ தொடாமல் உரித்தெடுக்க வேண்டும். ஒட்டிய டேப்புகள், வெளிக் காலுறை, வெளிக் கையுறை, தலைமூடி, பிறகு கவராலை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றுவது, உள் காலுறையை ஒவ்வொன்றாக உருவி அந்தக் காலை மட்டும் சுத்தமான மிதியில் வைப்பது, உள் கையுறை கடைசியில். நிலையத்துக்கு நிலையம் வரிசை கொஞ்சம் மாறும், அங்கே ஒட்டியிருக்கும் பலகையைப் பின்பற்றுங்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது அவசரப்பட்டுக் கழற்றுவதுதான் இங்கே ஒரே எதிரி. கையில் பிடித்துச் சோதிக்கும் கெய்கர் கருவியையும் உடம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி, நொடிக்கு 5 செ.மீ.க்கு மேல் போகாமல் நகர்த்த வேண்டும். உடம்பு முழுக்க அப்படிச் செய்தால் சில நிமிடம் ஆகும். பத்தே நொடியில் முடிப்பவர் காற்றில் கை வீசுகிறார் என்று அர்த்தம்.

முகத்துக்கு வருவோம். முகத்தில் மாசு என்றால் பெரும்பாலும் கைதான் கொண்டுபோயிருக்கும். வியர்வையைத் துடைக்க, நழுவும் கண்ணாடியைத் தள்ள, மூக்கு அரித்ததைச் சொறிய. நானே செய்திருக்கிறேன், மற்றவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே. இன்னொரு வழி, சலவை செய்து திரும்ப வரும் கவராலில் மிச்சமிருக்கும் மாசு வியர்வையில் ஊறித் தோலுக்கு வருவது; அதில் தொழிலாளியின் தப்பு எதுவுமே இல்லை. மூன்றாவது வழி காற்று. உங்கள் நண்பரை அரை நாள் உட்கார வைத்தது இந்த மூன்றாவதை விலக்கத்தான் என்று நினைக்கிறேன். முகத்தில் மாசு என்றால் மூச்சோடு உள்ளேயும் போயிருக்கலாம், எனவே வெதுவெதுப்பான தண்ணீர், சாதா சோப்பு, தேய்க்காமல் கழுவி, மூக்கைத் துடைத்துப் பார்த்து, உடம்புக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் முழு உடல் எண்ணிக் கருவியில் உட்காரவைப்போம். அதற்கே சில மணி நேரம் போகும்.

காற்று என்று சொன்னதும் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய வால்வின் உட்பகுதியைக் கிரைண்ட் செய்ய பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, உறிஞ்சு குழாய் வைத்து, வடிகட்டி மாட்டி, எல்லாம் கச்சிதமாக ஏற்பாடு. அந்தக் கூடாரம் ஒழுங்காக வேலை செய்வதற்கு அறையின் காற்று தாழ்வாரத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். அதே இரவு காற்றோட்டக் குழு இரண்டு தளம் மேலே வெளியேற்று விசிறியை நிறுத்தி வடிகட்டி மாற்றியது, அவர்களிடமும் முறையான பெர்மிட் இருந்தது. விசிறி நின்றதும் காற்று திசை மாறி, அறையில் இருந்தது தாழ்வாரத்துக்கு வந்தது. கூடாரத்துக்குள் முகமூடியோடு இருந்த இருவருக்கும் ஒன்றுமில்லை. தாழ்வாரத்தில் சாரம் பிரித்துக்கொண்டிருந்த, இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஆறு பேர் வாசலில் அலாரம் அடித்தார்கள். இரண்டு பெர்மிட்டிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்ற கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து. முதலாவதை மாலை ஆறு மணிக்குப் போட்டேன், இரண்டாவதை ஒன்பதரைக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. யாருக்கும் பதிவு செய்யத்தக்க உள் டோஸ் வரவில்லை, ஆனாலும் அந்த இரவுக்குப் பிறகு நான் பெர்மிட்டைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. இந்த வேலை என்ன என்பதற்கு முன்னால், இதே நேரத்தில் சுற்றிலும் வேறு என்ன நடக்கிறது என்று பார்ப்பேன்.

இந்த மாதிரி முட்டல்களில் சில ஷட்டவுனுக்கு ஷட்டவுன் திரும்பத் திரும்ப வரும். ஸ்டீம் ஜெனரேட்டரின் வெளிப்பக்கத்தில் நிற்கும் நீர் வெறும் நீர் அல்ல, குழாய்க் கட்டில் இருந்து வரும் கதிருக்கு அதுதான் சுவர். ஆய்வுக்காக ஒரு குழு அதை வடித்தால், பக்கத்து மேடையில் இன்சுலேஷன் பிரிக்கும் ஆளின் டோசிமீட்டர் (டோசைக் காட்டும் கருவி) ஏறும், அவர் எதையும் மாற்றிச் செய்யாமலே. எரிபொருள் மாற்றும் குளத்தை வடிக்கும்போது சுவரை ஈரமாகவே வைத்துக் கழுவிக்கொண்டு வர வேண்டும். மேல் தளத்துக் கிரேன் வேலைக்காக வடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனால், சுவர் காய்ந்து படிவு தூசியாகக் கிளம்பும். வெல்டிங்கைச் சோதிக்கும் இரிடியம் ரேடியோகிராஃபி நடக்கும்போது ஒரு தளத்தையே காலி செய்ய வேண்டும். சில அழுத்த நீர் உலைகளில் உலைக் கலத்துக்கு அடியில் ஓர் அறை உண்டு. உலை மையத்துக்குள் இருக்கும் அளவீட்டுக் குழாய்களை எரிபொருள் மாற்றத்துக்காகக் கீழே இழுத்தால், கொஞ்ச நேரம் முன்பு வரை போகக்கூடியதாக இருந்த அதே அறை சில நிமிடத்தில் உயிரைக் குடிக்கும் அறையாகிவிடும். அந்த அறையின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைவிட முக்கியமான ஒருங்கிணைப்புக் கேள்வி எனக்குத் தெரிந்து எந்த ஷட்டவுனிலும் கிடையாது.

என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஹங்கேரியின் பாக்ஷ் நிலையத்தில் 2003 ஏப்ரல் 10 அன்று நடந்தது பொதுப் பதிவில் இருக்கிறது. இரண்டாம் அலகில் பராமரிப்பு நிறுத்தம். எரிபொருள் கட்டுகளின் மேல் படிந்த படிவை நீருக்கடியில் ஒரு தொட்டிக்குள் வைத்து வெளி ஒப்பந்தக்காரர் சுத்தம் செய்கிறார். ஒரு தடவைக்கு 30 கட்டு. அந்தத் தொகுதியின் சுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் மூடியைத் திறந்து எடுக்க வேண்டிய கிரேன் வேறு வேலையில் இருந்தது. அதனால் கட்டுகள் குறைந்த ஓட்டம் உள்ள பம்பின் குளிர்ச்சியில் தொட்டிக்குள்ளேயே காத்திருந்தன. அந்த ஓட்டம் போதவில்லை, உள்ளே நீர் ஆவியானது, கட்டுகள் சூடேறின, பிற்பாடு மூடியைத் தளர்த்தியபோது குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்து 30 கட்டும் மோசமாகச் சேதமடைந்தன. அணுமின் சம்பவங்களின் கடுமையைக் குறிக்கும் சர்வதேச அளவுகோலில் 3ஆம் நிலை. தொட்டியின் வடிவமைப்பில் கோளாறு இருந்தது உண்மை, அதுதான் முதல் காரணம். ஆனாலும் அந்தக் கிரேனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும், ஏனென்றால் 'கிரேன் இன்னும் வரலை, இருக்கட்டும்' என்பது ஷட்டவுனில் நாளைக்கு நான்கு தடவை கேட்கும் வாக்கியம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து வோக்டில் நிலையத்தில் 1990 மார்ச் 20 அன்று ஒரு லாரி பின்னோக்கி வந்து மின்கம்பித் தாங்கியை இடித்ததில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. முதல் அலகு ஷட்டவுனில் இருந்தது, இரண்டு அவசர டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்று பராமரிப்புக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது, மற்றது ஓடி நின்றுவிட்டது. அதை மறுபடி நிலையாக ஓடவைக்க 36 நிமிடம் ஆனது, அதற்குள் உலை நீரின் வெப்பம் சுமார் 32 டிகிரியிலிருந்து 58 டிகிரி செல்சியஸுக்கு ஏறியது. நிறுத்திய உலை அணைத்த அடுப்பு அல்ல. ஒரு நாள் கழித்தும் முழுத் திறனில் அரை சதவீதம் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டே இருக்கும், 3000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உலையில் அது 15 மெகாவாட். நீங்கள் போகும் இடத்தில் சில பம்புகளையும் ஸ்விட்ச் அலமாரிகளையும் சுற்றிக் கயிறு கட்டி 'தொடாதே' பலகை வைத்திருப்பார்கள். மற்றது பிரிக்கப்பட்டிருப்பதால் இப்போது இது ஒன்றுதான் குளிர்விக்கிறது என்று அதற்கு அர்த்தம். சாரத்துக் குழாயை அதன்மேல் சாய்த்து வைப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அதை ஆதரிக்கிறேன்.

மூன்றாவதாக கனடாவின் புரூஸ் நிலையம், 2009. வருடக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த முதல் அலகைப் புதுப்பிக்கும் வேலையில் பழைய ஊட்டுக் குழாய்களைக் கிரைண்ட் செய்தார்கள். சோதனை பீட்டா-காமாவை நம்பி நடந்தது. நீண்ட நாள் நின்ற உலையில் கோபால்ட் தேய்ந்துகொண்டே வரும், பழைய எரிபொருள் கசிவிலிருந்து வந்த ஆல்பா பொருள்கள் அப்படியே இருக்கும், ஆகவே பீட்டா-காமா இவ்வளவு என்றால் ஆல்பா இவ்வளவு என்ற பழைய விகிதக் கணக்கு அங்கே செல்லாது. 500க்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டிவந்தது. கிரைண்டர் எடுக்கும் வேலை என்றால் 'ஆல்பா பார்த்தாச்சா?' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

நிற்க வைப்பது எதற்கு என்பதற்கு இப்போது பாதி பதில் கிடைத்திருக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் உங்கள் வால்வைத் தனிமைப்படுத்திப் பூட்டி டேக் போட வேண்டும், குழாய் வடிந்திருக்க வேண்டும், சாரம் வந்திருக்க வேண்டும், இன்சுலேஷன் பிரிந்திருக்க வேண்டும், நாங்கள் அளவெடுத்திருக்க வேண்டும், மேலே யாரும் எதையும் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் ஒன்று தாமதமானால் நீங்கள் உட்காருவீர்கள். மற்ற பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன்: சில நேரம் அது வெறும் மோசமான திட்டமிடல்தான். எங்கள் ஆள் கிடைக்காமல், காகிதம் மேசையில் தூங்கி, கிரேன் ஓட்டுநர் சாப்பிடப் போய், இப்படியும் நடக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள், காத்திருக்க வைத்த இடம் எது? கதிர்வீச்சு குறைந்த இடத்தில் உட்காரவைத்தால் அது வெறும் நேர நஷ்டம். வால்வுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால் அது உங்கள் டோஸ், தயங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஒழுங்காகத் திட்டமிட்டால் நேரமும் டோசும் சேர்ந்தே குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் எரிபொருள் மாற்ற நிறுத்தம் ஒன்று 1990 வாக்கில் சராசரியாகச் சுமார் 100 நாள் எடுத்தது, இப்போது ஏறத்தாழ ஒரு மாதம். 1980இல் அங்கே ஓர் உலைக்கு வருடத்துக்கு எல்லோருடைய டோசையும் கூட்டினால் 7 மனித-சீவர்ட்டுக்கு (சீவர்ட் என்பது டோசின் அலகு) மேல் வந்தது, இப்போது 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது. வேகமாக முடித்தவர்கள் அதிக டோஸ் வாங்கவில்லை. நீர் வேதியியல் மேம்பாடு, கோபால்ட் இல்லாத வால்வு உலோகம், வெளியே மாதிரி வைத்துப் பயிற்சி, கேமரா வழிக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது; திட்டமிடலின் பங்கு மட்டும் இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உறுதியானது. விவாதத்துக்குரிய சிலவும் உண்டு. முகமூடி அதில் ஒன்று. காற்றில் மாசு இருந்தால் முகமூடி போடு என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 2 மில்லிசீவர்ட் உள்ள இடத்தில் ஒரு மணி நேர வேலை, காற்றில் அனுமதி வரம்பின் 0.3 மடங்கு. வரம்பளவு காற்றில் ஒரு மணி நேரம் மூச்சு விட்டால், அமெரிக்க விதிக் கணக்கில் 25 மைக்ரோசீவர்ட். ஆக முகமூடி இல்லாமல் உங்களுக்குள் போவது 7.5 மைக்ரோசீவர்ட். முகமூடி போட்டதால் வேலை பத்தே நிமிடம் நீண்டால், வெளியிலிருந்து கூடுதலாக வருவது 330க்கு மேல். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை, ஆனால் இந்த மாதிரி இடங்கள் நிறைய உண்டு. ஆல்பா இருக்கிறது என்றால், அயோடின் இருக்கிறது என்றால் கணக்கே மாறும். கனநீர் உலையில் டிரிடியம் ஈரக்காற்றாகத் தோல் வழியாகவும் போகும், கெய்கர் கருவிக்கும் தெரியாது, அங்கே பிளாஸ்டிக் உடுப்பும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் வழி. ஆகவே முகமூடி தரவில்லை என்பதாலேயே உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

சின்ன டோசின் தீங்கு இன்னொன்று. சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவது தெளிவு. அதற்குக் கீழே நேர்கோடாகக் குறையும் என்று வைத்துக்கொண்டுதான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன: சர்வதேசப் பரிந்துரை ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 50க்கு மேல் கூடாது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களைத் தொடர்ந்த ஆய்வின் 2023 முடிவு, ஒரு கிரே (உடம்பில் இறங்கும் கதிர் ஆற்றலின் அலகு, காமாவில் ஏறக்குறைய ஒரு சீவர்ட்) டோசுக்குத் திடக்கட்டிப் புற்றுநோய் இறப்பு சுமார் 52 சதவீதம் கூடுவதாகச் சொல்கிறது. நேர்கோடு என்று எடுத்தால் 20 மில்லிகிரேக்கு ஒரு சதவீதம் போல. மிகக் குறைந்த அளவில் அந்தக் கோடு அப்படியே நீள்கிறதா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. என் சொந்த நடைமுறை: நீளும் என்று நினைத்து வேலை செய்கிறேன், நீளாவிட்டால் நஷ்டமில்லை.

வாசல் அலாரம் அடித்தாலே உங்கள் மேல் நிலையத்து மாசு என்றும் கிடையாது. ரேடான் வாயுவின் சிதைவுப் பொருள்கள் செயற்கை நூல் துணியின் நிலைமின்னில் ஒட்டிக்கொள்ளும்; அரை மணிக்கொரு தடவை ஏறத்தாழ பாதியாகும் என்பதால் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி எண்ணினால் தெரிந்துவிடும். 1984இல் பென்சில்வேனியாவின் லிமரிக் நிலையத்தில் ஒரு பொறியாளர் தினமும் அலாரம் அடித்தார். காலையில் உள்ளே வந்ததும் நேராகத் திரும்பி வாசல் கருவிக்குள் நின்று பார்த்தால் அப்போதும் அடித்தது. அவர் வீட்டில்தான் ரேடான் குவிந்திருந்தது. அதேபோல, அண்மையில் தைராய்டு அல்லது இதய ஸ்கேனுக்கு கதிரியக்க மருந்து போட்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் போனால் உங்களோடு எங்கள் ஷிப்டும் கெடும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வேலைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் உங்கள் வால்வைப் பற்றி எல்லாம் சொல்வார்கள், சுற்றியிருப்பதைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்: மேலே என்ன வேலை, கீழே என்ன வேலை, இந்த அறையின் விசிறியை யாராவது தொடப்போகிறார்களா, இந்தக் குழாயில் யாராவது தண்ணீர் விடவோ வடிக்கவோ போகிறார்களா. உள்ளே போன பிறகு சொன்ன மாதிரி இல்லை என்றால், எதிர்பாராத ஈரம், எதிர்பாராத காற்று, டோசிமீட்டர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறுவது, நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். சேரும்போதும் விடைபெறும்போதும் முழு உடல் எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், டோஸ் பதிவின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒரே வருடத்தில் மூன்று நிலையம் மாறுவார், கூட்டிப் பார்க்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருந்தாலும் உங்கள் உடம்பு உங்களுடையது.

டார்க் ரென்ச்சை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல்லிடுக்குகளும் கிரீஸும் உள்ள கருவிக்குள் மாசு போனால் துடைத்து எடுக்க முடியாது, சோதனையில் தேறாவிட்டால் அது வெளியே வராது, உள்ளேயே பெயின்ட் அடித்து அவர்கள் அலமாரியில் மாட்டிவிடுவார்கள். உள்ளே தருவது கையோடு கயிறு கட்டிய, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் ரென்ச். பிடி கொஞ்சம் தேய்ந்திருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். என் நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒன்று எங்கோ ஓர் உலைக் கட்டடத்துக்குள் இன்னும் யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கிறது.